ஐந்தெழுத்தும் ஆயிரம் குறையும்

உலாவியில் ஆடும் சிறு விளையாட்டுகளை நிறுவ வேண்டியதில்லை. பெரும்பாலும் காசும் கட்ட வேண்டியதில்லை. கருத்துச் சொல்லத் தகுதியும் தேவையில்லை. வந்து குவியும் கருத்துகளில் எதை எடுப்பது, எதை விடுவது என்பதற்கு 2021 அக்டோபரில் பொதுமக்களுக்கு வெளியான வேர்டில் நல்ல எடுத்துக்காட்டு. ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை ஆறு முயற்சிக்குள் கண்டுபிடிக்க வேண்டும். நாளுக்கு ஒரே சொல். இதைப் பற்றி ஆட்டக்காரர் தரப்பில் குறைகண்டாரும் வடிவமைப்பாளர் தரப்பில் விடைகண்டாரும் வாதிடுகிறார்கள்.

குறைகண்டார்: நாளுக்கு ஒரு சொல் என்பது கஞ்சத்தனம் ஐயா. மூன்று நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. மீதி எட்டு மணி நேரம் அலுவலகத்தில் என்ன செய்வது?

விடைகண்டார்: வேலை செய்து பார்க்கலாம். நாளுக்கு ஒன்று என்பதால்தான் எல்லோருக்கும் அன்று ஒரே சொல். அதனால்தான் பேசிக்கொள்ள விஷயம் இருக்கிறது. நூறு சொல் கொடுத்தால், சலிப்பாக இருக்கிறது என்று அடுத்த மனு எழுதுவீர்கள்.

குறைகண்டார்: அந்த மனு தயாராகவே இருக்கிறது. அடுத்த குறை: சொற்களை எங்களைக் கேட்டா தேர்ந்தெடுத்தார்கள்?

விடைகண்டார்: ஓர் ஆட்டக்காரரைக் கேட்டுத்தான். ஜாஷ் வார்டில் இதைத் தம் துணைவி பாலக் ஷாவுக்காக உருவாக்கினார். சுமார் 12,000 ஐந்தெழுத்துச் சொற்களை ஷா தமக்குத் தெரிந்தது, தெரியாதது என்று பிரித்து, ஏறத்தாழ 2,500 ஆகக் குறைத்தார். அவரிடம் கேட்கப்பட்டது ஆலோசனை அல்ல. தெரியுமா, தெரியாதா என்பது மட்டும்.

குறைகண்டார்: 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் வாங்கியதும் சொற்களைக் கடினமாக்கிவிட்டதே!

விடைகண்டார்: அப்போது வந்தவை வார்டிலின் பழைய பட்டியலில் இருந்தவைதாம். புதிய உரிமையாளர் சில சொற்களை நீக்கியதோடு சரி. ஆள் மாறியதும் சொல் கடினமாகத் தெரிந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

குறைகண்டார்: கூடமும் கொஞ்சம் கோணல்தான்! தளம் மாறியபோது சிலருடைய தொடர் வெற்றிக் கணக்கு அழிந்தது பொய்யா?

விடைகண்டார்: உண்மை. கணக்கு அவரவர் உலாவியிலேயே சேமிக்கப்பட்டிருந்தது. குடிமாற்றத்தில் சிலருக்குத் தொலைந்தது. நேற்று இருந்தது இன்று இல்லை என்று சரிபார்க்கும்படி சொல்லும் புகார், வடிவமைப்பாளருக்குக் கிடைக்கும் வரம்.

குறைகண்டார்: எழுத்து சரியா என்று காட்டும் பச்சையையும் மஞ்சளையும் பிரித்தறிய முடியாதவர்கள் பாடு?

விடைகண்டார்: அதுவும் நியாயமான குறை. அவர்களுக்காகத்தான் அமைப்புகளில் ஆரஞ்சும் நீலமும் வைத்தார்கள்.

குறைகண்டார்: இரண்டு வழக்கில் வெற்றி! இனி எல்லோரிடமும் வாக்கெடுத்து, கேட்டதையெல்லாம் சேர்த்துவிட வேண்டியதுதானே?

விடைகண்டார்: ஆறு முயற்சி போதாது என்பவரும் ஆறு அதிகம் என்பவரும் ஒரே நாளில் வாக்களிப்பார்கள். கேட்பதைவிடச் செய்வதைக் கவனிப்பது மேல். நியூசிலாந்து ஆட்டக்காரர்கள் சிலர் தங்கள் முயற்சிகளை வண்ணச் சதுரங்களாகத் தாங்களே தட்டச்சு செய்து பகிர்ந்தார்கள். விடை வெளியே தெரியாது. பெருமை மட்டும் தெரியும். அதைப் பார்த்த வார்டில் 2021 டிசம்பரில் பகிரும் வசதியை ஆட்டத்திலேயே சேர்த்தார். நவம்பர் 1 அன்று 90 பேர் ஆடிய ஆட்டத்தை 2022 ஜனவரி 2 அன்று 3,00,000 பேருக்கு மேல் ஆடினார்கள்.

குறைகண்டார்: அப்படியானால் நாங்கள் வாயே திறக்கக் கூடாதா?

விடைகண்டார்: தாராளமாகத் திறக்கலாம். வலிக்கும் இடத்தைக் காட்ட உங்களைவிட்டால் ஆளில்லை. மருந்துச்சீட்டையும் நீங்களே எழுதும்போதுதான் சிக்கல்.

குறைகண்டார்: உங்கள் தரப்பு மட்டும் யோக்கியமோ?

விடைகண்டார்: எங்கே! ஐந்து நட்சத்திரம் கொடுத்தவரை ரசிகர் என்றும், ஒரு நட்சத்திரம் கொடுத்தவரை ஆட்டம் புரியாதவர் என்றும் முடிவுகட்டுவது எங்கள் குலவழக்கம். அந்த ஒரு நட்சத்திரக்காரர்தான் பல சமயம் பிழையைக் கண்டுபிடித்திருப்பார்.

குறைகண்டார்: அப்படியென்றால் கடைசிக் குறையையும் எழுதிக்கொள்ளுங்கள். இத்தனை குறை இருந்தும் தினமும் ஆடித் தொலைக்க வேண்டியிருக்கிறது.

விடைகண்டார்: மற்றதெல்லாம் உங்கள் அபிப்பிராயம். இது ஒன்றுதான் எங்களுக்குத் தகவல்.