சிங்கம் எந்திரிக்கிற வரைக்கும்

வாப்பா மாப்ளே, உக்காரு. செரங்கெட்டி போறியாமே. ஊர் முழுக்கத் தெரிஞ்சு போச்சு, தாய்மாமனுக்குத்தான் கடைசியாச் சேதி வருது. பரவாயில்லை. முழங்கை நீளத்துக்குக் கேமரா வாங்கியிருக்கே, பத்துப் பை வச்ச காக்கிச் சட்டை வாங்கியிருக்கே. அதுலே ஒரு பையிலே சீட்டு வேற மடிச்சு வச்சிருக்கியாம்: சிங்கம், சிறுத்தை, யானை, காட்டெருமை, காண்டாமிருகம். பாக்கப் பாக்க டிக் அடிக்கணும். நல்ல பிள்ளை.

அந்த அஞ்சையும் பொறுக்கி எடுத்தது யாருன்னு நினைக்கிறே? துப்பாக்கி தூக்கிட்டுப் போன வேட்டைக்காரத் துரைமாருங்க. நடந்து போய்ச் சுடும்போது எது திரும்பி வந்து ஆளைச் சாய்க்குமோ, அதையெல்லாம் சேத்து வச்ச பட்டியல் அது. நீ வண்டிக்குள்ளே குந்திக்கிட்டுப் போற ஆளு. உன்னைத் திருப்பி அடிக்கப் போறது ட்செட்ஸே ஈ ஒண்ணுதான். சட்டைக்கு மேலேயே குத்தும். கருநீலம், கருப்புன்னா அதுக்கு உசுரு. அதைப் பிடிக்கக் காட்டுலே தொங்க விடுற பொறியே நீலமும் கருப்புமான துணிதான். நீ எடுத்து வச்சிருக்கிற ஜீன்ஸ் என்ன கலரு? கருநீலமா? போட்டுக்கிட்டுப் போ மாப்ளே. வண்டியிலே வர்ற மத்தவங்க நிம்மதியா இருப்பாங்க.

மாமனுக்கு எப்படித் தெரியும்னு முழிக்காதே. மூத்தவன் அருஷாவிலே கணக்கெழுதப் போன புண்ணியத்துலே நானும் போயிட்டு வந்தவன்தான். நீங்க யாரும் அப்ப கேக்கலை, நானும் சொல்லலை.

சிங்கம் பாக்காம திரும்ப மாட்டேன்னு சபதம் போட்டிருக்கியாம். பாப்பே, கட்டாயம் பாப்பே. செரோனேரா பக்கம் போனா எங்கயாச்சும் ஒரு மரத்தடியிலே மல்லாந்து கிடக்கும். ஒரு நாளைக்கு 20 மணி நேரம் வரைக்கும் படுத்தே கிடக்குற சீவன். அதைப் படம் பிடிச்சு அனுப்பு. உங்க அத்தை என்னைக் கைகாட்டி, 'இதைத்தான் நான் தெனம் திண்ணையிலே பாக்குறேனே'ம்பா. ஒரு டிரைவர் ரேடியோவிலே 'சிம்பா'ன்னு வாயெடுத்தாப் போதும், அக்கம்பக்கத்து வண்டியெல்லாம் புழுதியைக் கிளப்பிக்கிட்டு வந்து சுத்தி நிக்கும். கூரையைத் தூக்கிவிட்டு வரிசையாத் தலை நீட்டுவீங்க. அது ஒத்தைக் கண்ணைத் தொறந்து உங்களை ஒரு தடவை பாக்கும். பாத்துட்டு மறுபடி மூடிக்கும். சீட்டை எடுத்து டிக் அடிச்சுக்கோ.

கழுதைப்புலி உன் சீட்டுலே இல்லே, கவனிச்சேன். திருட்டுப்பயங்கற பேரு அதுக்கு. 1960கள்லே ஹான்ஸ் க்ரூக்னு ஒரு விஞ்ஞானி, நிலா வெளிச்சத்துலே அதுங்க பின்னாடியே வண்டியை ஓட்டிக்கிட்டு அலைஞ்சாரு. நிகோரோங்கோரோ பள்ளத்துலே ராத்திரி ஓடி ஓடி வேட்டையாடுறது கழுதைப்புலி. அதை விரட்டிட்டுத் தின்ன உக்காருறது, பல நாளு, நம்ம ராசா. விடிஞ்சு வர்ற டூரிஸ்டுக்காரன் கண்ணுக்குச் சிங்கம் தின்னுறதும் கழுதைப்புலி ஓரமா நிக்கிறதும்தான் தெரியும். அங்கேயே தீர்ப்பு எழுதிட்டு லாட்ஜுக்குச் சாப்பிடப் போயிருவான். அந்தக் கூட்டத்துலே பொம்பளை வச்சதுதான் சட்டம். ஆம்பளை வரிசையிலே கடைசி. புதுசாக் கல்யாணம் ஆனவன், பாத்து வச்சுக்கோ.

நான் சொல்றதைக் கேக்குறதா இருந்தா, சிங்கத்தை விட்டுட்டு மாட்டைப் பாரு. வில்டபீஸ்ட்டு. தாடி வச்ச, முதுகு சரிஞ்ச, அழகுன்னு ஒண்ணும் சொல்ல முடியாத பிராணி. 13 லட்சம் இருக்கு. 1961லே எண்ணினப்போ ரெண்டரை லட்சத்துச் சொச்சம்தான். மழை பெய்ஞ்சு மட்டுமா பெருகிருச்சு? இல்லை. மாட்டு வெக்கை நோய் கேள்விப்பட்டிருப்பே, உங்க தாத்தா காலத்துலே நம்ம தொழுவத்தையும் காலி பண்ணின நோய்தான். 1890கள்லே அது ஆப்பிரிக்காவுக்குள்ளே இறங்கி, மாட்டையும் கொன்னு காட்டையும் கொன்னுச்சு. அப்புறம் பூங்காவைச் சுத்தி இருக்கிற ஊர் மாட்டுக்கெல்லாம் ஊசி போட்டாங்க. மாட்டுக்கிட்டேயிருந்து காட்டுக்குத் தொத்துறது நின்னு போச்சு. 1977க்குள்ளே 13 லட்சத்தைத் தாண்டிருச்சு. ஊசி குத்தினது ஊர் மாட்டுக்கு, வம்சம் பெருகினது காட்டுலே.

கதை அதோட முடியலை. அம்புட்டு வாய் புல்லை மேய்ஞ்சதும், காஞ்சு நிக்கிற புல்லு குறைஞ்சு போச்சு. புல்லு குறைஞ்சதும் வருசா வருசம் பரவுற காட்டுத்தீ குறைஞ்சுது. தீ குறைஞ்சதும் முளைச்ச கன்னுச் செடியெல்லாம் பொசுங்காமத் தலை தூக்கி மரமாச்சு. உன் சிங்கம் படுத்துக் கிடக்குதே நிழல், அதுலே கொஞ்சம் கால்நடை டாக்டர் போட்ட நிழல். அவரைப் பாத்து டிக் அடிக்க உன் சீட்டுலே எடம் இருக்கா?

பிப்ரவரியை ஒட்டிப் போனா இண்டூட்டு பக்கத்துப் புல்வெளியிலே கன்னு போடுற காலம். ரெண்டு மூணு வாரத்துக்குள்ளே பெரும்பாலான கன்னு விழுந்துரும். அத்தனையும் ஒரே நேரத்துலே விழுந்தா, தின்னுறவன் எத்தனைன்னுதான் தின்னுவான்? நானும் எத்தனையோ மாட்டுக்குக் கன்னு இழுத்து விட்டவன். ஒண்ணு வண்டிக்குப் பக்கத்துலேயே ஈனுச்சு. ஈரத்தோட கீழே விழுந்த கன்னு முன்னங்காலை ஊனிச்சு, சரிஞ்சுச்சு, பின்னங்காலைத் தூக்குச்சு, மூக்கு மண்ணுலே குத்துச்சு, மறுபடி எந்திரிச்சுச்சு. தாய் நக்கி முடிக்கலை, அதுக்குள்ளே கூடவே ஓடுது. எங்க டிரைவரும் இஞ்சினை அணைச்சுட்டுப் பேசாமப் பாத்துக்கிட்டு இருந்தாரு. பக்கத்து வண்டிக்காரங்க 'சிவிங்கிப்புலி எங்கயாச்சும் இருக்கா'ன்னு கேட்டுட்டுப் போயிட்டாங்க.

நீ போறது ஆகஸ்டா? அப்ப வடக்கே மாரா ஆறு. டிவியிலே காட்டுறானே, பொத்துப் பொத்துன்னு குதிக்கிறது, அதேதான். டிவிக்காரன் காட்டாததையும் கேட்டுக்கோ. மணிக்கணக்கா கரையிலே நிக்கும். ஒண்ணு இறங்கி வந்து தண்ணியை மோந்து பாக்கும், எல்லாம் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிப்பீங்க, அது திரும்பிப் போயிரும். சாயங்காலம் வரைக்கும் இதேதான். முதலை தின்னுறதைப் பாக்கத்தான் கூட்டம் நிக்குது. ஆனா ஆத்துலே முங்கியே வருசத்துக்குச் சராசரி 6,250 மாடு சாகுதுன்னு 2017லே ஒரு ஆராய்ச்சி வந்துச்சு. கறியிலே கொஞ்சம் மீனுக்கும் கழுகுக்கும் போகுது. எலும்பு கரைய ஏழு வருசம் ஆகுமாம். அது வரைக்கும் ஆத்துக்கு அதுதான் உரம். இதுக்கு நடுவுலே படம் நல்லா விழணும்னு வண்டியை விட்டு இறங்கிக் கரையிலே போய் நின்னு மாட்டை மறிக்கிற ஆளுங்களும் உண்டு. நீயும் இறங்கிப் பாரேன். நம்ம ஊர்ப் பேரு பேப்பர்லே வரும்.

நிகோரோங்கோரோவுக்குக் குரங்குக் குல்லா எடுத்துக்கோ. ஆப்பிரிக்கான்னா வேகும்னு நினைச்சுக்கிட்டு பனியனோட போனவன் நான்தான்னு மூத்தவன் உங்கிட்டே சொல்லியிருந்தா நம்பாதே. விளிம்பு 2,300 மீட்டர் உசரம், விடியக்காலம் பல்லு அடிக்கும். எரிமலை உச்சி உள்ளே இடிஞ்சு விழுந்த பள்ளம், ஆழம் 600 மீட்டர், பரப்பு 260 சதுர கிலோமீட்டர். செவுரு செங்குத்து. ஒட்டகச்சிவிங்கி இறங்க மாட்டேங்குது. கீழே போய் அதைத் தேடிக்கிட்டு இருக்காதே.

அங்கே மசாய்க்காரங்களைப் பாப்பே, சிவப்புத் துப்பட்டி போத்திக்கிட்டு மாடு மேய்ப்பாங்க. 'மனுசன் கால் படாத பூமி'ன்னு நீ ஃபேஸ்புக்குலே எழுதப் போறது அவங்க நடந்த பூமியைப் பத்தித்தான். செரங்கெட்டியைப் பூங்கா ஆக்கினது 1951லே. 1959லே அவங்களை அங்கேயிருந்து கிளப்பி, நிகோரோங்கோரோவுலே இருந்துக்கோங்கன்னாங்க. 2022லேருந்து அங்கேயிருந்தும் பல குடும்பம் ம்சோமேராங்கற தூரத்து ஊருக்குப் போகுது. விரும்பித்தான் போறாங்கங்குது அரசாங்கம். தள்ளி விடுறாங்கங்கறாங்க மசாய்க்காரங்கள்லே பலபேரு. கராட்டுச் சந்தையிலே ஒரு மசாய்ப் பெரியவர் பக்கத்துலே எனக்கு எடம் கிடைச்சுது. எத்தனை மாடு இருக்குன்னு கேட்டாரு. ரெண்டுன்னேன். என் தோளைத் தட்டி என்னமோ சொன்னாரு. மூத்தவன் அதை மட்டும் தமிழ்லே சொல்ல மாட்டேன்னுட்டான்.

ஒரு விசயம் பாக்கி. நடுக்காட்டுலே அவசரம்னா டிரைவர்கிட்டே வெக்கப்படாதே. 'குச்சிம்பா தாவா'ன்னு சொல்லு, மருந்து தோண்டப் போறேன்னு அர்த்தம். சிரிக்காம நிறுத்துவாரு. முதல்லே இறங்கிப் புதரைச் சுத்திப் பாத்துட்டுத்தான் உன்னை விடுவாரு. அந்த மனுசனுக்குக் கடைசி நாள் இனாம் கொடுக்கும்போது ரூபாயிலே எம்புட்டு ஆகுதுன்னு செல்போன்லே பெருக்கிக்கிட்டு நிக்காதே. கேமராவுக்குப் பெருக்கிப் பாத்தியா?

பள்ளத்துக்குள்ளே மத்தியானச் சாப்பாடு நிகோய்ட்டோகிட்டோக் குளத்தங்கரையிலே. சாப்பாட்டை வண்டிக்குள்ளே வச்சுச் சாப்பிடு. வெளியே எடுத்தா மேலே சுத்துற பருந்து கையிலேருந்தே பறிச்சுட்டுப் போயிரும், நகம் கீறினதுக்கப்புறம்தான் வந்துச்சுன்னே தெரியும். உங்க அத்தை உனக்கு முறுக்கு சுட்டுப் பெரிய கேரிபேக்கிலே கட்டி வச்சிருக்கா. 2019 ஜூன்லேருந்து அந்த நாட்டுக்குள்ளே பிளாஸ்டிக் பை கொண்டு போகக் கூடாது, விமான நிலையத்துலேயே வாங்கி வச்சுக்குவாங்க. தகர டப்பாவிலே மாத்திக்கோ. மாத்தும்போது டப்பாவிலே அடங்காம நாலஞ்சு மிஞ்சும், அதை இந்தத் துண்டுலே போடு. அத்தை கொல்லைப்பக்கம் இருக்கா, வெரசா.