இரண்டே வார்த்தை பேசி அமர்கிறேன்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் கந்தப்பளைப் பக்கத்து மண்டபமொன்றில் பரிசளிப்பு விழா. நான் நன்றியுரை. கோபம் இன்னும் ஆறவில்லை. எழுத்தில் சூடு தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நன்றியுரைக்காரன் பாடு உங்களுக்குத் தெரியாததா? அழைப்பிதழில் அவன் பெயர் கடைசி வரியில், தேநீர் உபசாரத்துக்கு நேர் மேலே ஒண்டிக்கொண்டிருக்கும். அவன் மைக்கைப் பிடிக்கும்போது பின்வரிசையில் கதிரை அடுக்கத் தொடங்கியிருப்பார்கள். கடைசி ராகலை பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் அவன் முகத்தைப் பார்க்காமலே வாசலைப் பார்த்து நடப்பார்கள்.

இத்தனைக்கும் நான் பயிற்சி பெற்ற பேச்சாளன். நுவரெலியாவில் ஒரு கடை மாடியில் கூடும் பேச்சுக் கழகத்தில் சேர்ந்திருக்கிறேன். தன்னம்பிக்கைக்காகத்தான். மைக்கைக் கண்டால் என் முழங்கால் தோட்டத்தில் காலைப் பெரட்டுக்குப் பிந்திப்போன ஆளைப் போல நடுங்கும்.   

கழகம் டோஸ்ட்மாஸ்டர்ஸ் முறையில் நடப்பது. அமெரிக்காவில் ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர், கலிஃபோர்னியாவின் சான்டா ஆனா ஊரில் ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தின் நிலவறையில் 1924 ஒக்டோபர் 22 அன்று தொடங்கிய விஷயம். வாய் திறக்கக் கூசும் இளைஞர்களைப் பேசவைப்பது அவர் நோக்கம். நல்ல மனுஷன். ஆனால் அவர் பேச்சாளனை மட்டும் நம்பவில்லை, பக்கத்திலேயே ஒரு நேரக் கணிப்பாளரையும் உட்காரவைத்தார். ஏழு நிமிடப் பேச்சென்றால் ஐந்தாவது நிமிடத்தில் பச்சை, ஆறில் மஞ்சள், ஏழில் சிவப்பு. அதற்கு மேல் முப்பது விநாடி கருணை. இன்னொருவர் மூலையில் உட்கார்ந்து நீங்கள் எத்தனை ‘வந்து’, எத்தனை ‘அதாவது’, எத்தனை ‘என்னான்னா’ போட்டீர்கள் என்று எண்ணுவார். சீட்டெடுத்து அந்த இடத்திலேயே இரண்டு நிமிடம் பேசும் பகுதியும் உண்டு. எனக்கு வந்த சீட்டில் ‘லீக்ஸ்’ என்றிருந்தது. கந்தப்பளைக்காரனிடம் லீக்ஸைப் பற்றி இரண்டு நிமிடம் பேசு என்பது அநியாயமில்லையா? உர விலை, தம்புள்ளைக்கு லொறிக் கூலி, அங்கே கழிவென்று வெட்டிக்கொள்ளும் கிலோக்கள் என்று நான் சூடேறும்போதே சிவப்பு அட்டை வந்துவிட்டது. கருணையும் முடிந்தது. உட்கார்ந்தேன்.

இந்த அட்டையைத்தான் ஞாயிற்றுக்கிழமை மேடையில் தேடினேன்.

விழா ஒன்பது மணிக்கு என்று போட்டிருந்தார்கள். ஒன்பதுக்கு யாரும் வரமாட்டார்கள் என்பது போட்டவர்களுக்கும் தெரியும், பார்த்தவர்களுக்கும் தெரியும். ஆகவே அதில் குறையில்லை. பிரதம அதிதி வேறொரு விழாவில் இருந்தார். அங்கிருந்து வந்து, இங்கிருந்து இன்னொன்றுக்குப் போவார். அதுவும் வழக்கம். என் வழக்கு விளித்தலோடுதான். வரவேற்புரைக்காரர் எழுந்தார். “இந்த இனிய விழாவிலே தலைமை தாங்கி வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, வந்துகொண்டிருக்கும் பிரதம அதிதி அவர்களே, சிறப்பு அதிதி அவர்களே, விசேட அதிதிகளே, கௌரவ அதிதிகளே...” சிறப்புக்கும் விசேடத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்காதீர்கள். ஒருவருக்குப் பொன்னாடை பட்டு, மற்றவருக்கு நைலெக்ஸ். “அதிபர் அவர்களே, அயற்பாடசாலை அதிபர்களே, ஓய்வுபெற்ற அதிபர்களே, பிரதி அதிபர்களே...” இந்த இடத்தில் ஓய்வுபெற்ற பிரதி அதிபர் ஒருவர் நெளிந்தார். “ஓய்வுபெற்ற பிரதி அதிபர் அவர்களே! தோட்ட நிர்வாகம் சார்பில் வருகை தந்திருக்கும் முகாமையாளர் அவர்களே...” முகாமையாளர் வரவில்லை. அவருக்குப் பதில் வரவேண்டிய உதவி முகாமையாளரும் வரவில்லை. உதவி முகாமையாளருக்குப் பதில் வந்த கிளாக்கர் எழுந்து கும்பிட்டார். “தொழிற்சங்கத் தலைவர்மார்களே, தலைவிமார்களே, கோயில் பரிபாலன சபையினரே, மரண உதவிச் சங்கத்தினரே...” பரிசளிப்பு விழாவுக்கு மரண உதவிச் சங்கம் எதற்கு என்று அப்போது நினைத்தேன். பகல் இரண்டு மணிக்கு அதன் தேவை விளங்கியது. “பெற்றோர்களே, நலன்விரும்பிகளே, ஒலி ஒளி அமைத்துத் தந்த சகோதரர்களே, பேண்ட் வாத்தியக் குழுவினரே, இவ்விடத்தில் பெயர் குறிப்பிட மறந்த அனைவருமே...” பெயர் மறந்தவர்களில் ஒருவர் மேடையிலேயே இருந்தார். அவர் முகம் கறுத்ததைக் கண்டு யாரோ ஒரு துண்டு எழுதி அனுப்ப, “மன்னிக்க வேண்டும்” என்று அவரை விளித்தார். அதைப் பார்த்து இன்னொரு துண்டு வந்தது.

இரண்டாமவர் பண்பாளர். “நேரத்தின் அருமை கருதி, எனக்கு முன் பேசியவர் விளித்த அனைவரையும் நானும் விளித்ததாகக் கருதி...” என்றார். நான் மட்டும் கைதட்டினேன். கைதட்டலில் உற்சாகமடைந்து, “இருந்தாலும் ஒரு சிலரை விசேடமாகக் குறிப்பிடாவிட்டால் நன்றாயிராது” என்று தலைவரிலிருந்து ஆரம்பித்தார். அவர் ஓய்வுபெற்ற அதிபர்களை நெருங்கும்போது வாசலில் பேண்ட் முழங்கியது. பிரதம அதிதி! மாலை, பொட்டு, சந்தனம், பொன்னாடை. ஏற்கெனவே ஏற்றி எரிந்துகொண்டிருந்த குத்துவிளக்கை ஊதி அணைத்து, அவர் கையால் மறுபடி ஏற்றினார்கள். பிறகு, வந்துகொண்டிருந்தவர் வந்துவிட்டபடியால், விளித்தல் முதலிலிருந்து தொடங்கியது.

பரிசுக்காகக் காலையிலிருந்து வெள்ளைச் சட்டையில் விறைத்துக்கொண்டிருந்த பிள்ளைகளை யாரும் விளிக்கவில்லை.

நீளமாகப் பேசுவதை நான் எதிர்க்கவில்லை. வி.கே. கிருஷ்ண மேனன் 1957 ஜனவரியில் ஐ.நா. பாதுகாப்புச் சபையில் காஷ்மீர் பற்றிச் சுமார் எட்டு மணி நேரம் பேசினார். அந்த முயற்சியில் அவரே மயங்கி விழுந்தார், அது நியாயம். எங்கள் பக்கத்தில் பேச்சாளர் மயங்கியதாக வரலாறில்லை. 1863 நவம்பரில் கெட்டிஸ்பர்க்கில் எட்வர்ட் எவரெட் இரண்டு மணி நேரம் பேசிய பிறகு ஆபிரகாம் லிங்கன் எழுந்து இரண்டு நிமிடம் பேசினார். கிட்டத்தட்ட நன்றியுரை. கந்தப்பளையாயிருந்தால் “நேரம் கருதி ஜனாதிபதி அவர்களின் உரை தவிர்க்கப்படுகிறது” என்று அறிவிப்பாளர் முடித்திருப்பார்.

கோ. நடேசய்யரை எங்கள் மலையகம் மறந்திருக்காது. வெளியாள் தோட்டத்துக்குள் கால்வைத்தாலே அத்துமீறல் வழக்குப் போட்ட காலத்தில், புடவை வியாபாரி வேடத்தில் உள்ளே போன மனிதர். 1931இல் தோட்டத் தொழிலாளருக்கென்று சம்மேளனம் அமைத்தவர். அவர் மனைவி மீனாட்சியம்மை கூட்டங்களில் தாமே பாட்டுக் கட்டிப் பாடினார். துரைமார் பிடித்துவிடுவார்களே என்ற பயத்தோடு பேச வந்தவர்கள், ‘அயற்பாடசாலை அதிபர்களே’ என்று ஆரம்பித்திருப்பார்கள் என்றா நினைக்கிறீர்கள்? அவர்கள் திறந்துவைத்த மேடையில் ஏறித்தான் பின்வந்தவர்கள் 2015 முதல் ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்தைப் பற்றிப் பேசினார்கள். பேசினார்கள், பேசினார்கள், 2021 மார்ச்சில்தான் அது வர்த்தமானியில் வந்தது. அதற்குள் ஆயிரம் ரூபாய்க்கு வாங்கக்கூடிய அரிசி சுருங்கிவிட்டது. அந்தப் பேச்சுகளிலும் விளித்தலைக் கழித்துவிட்டுப் பார்த்தால் எவ்வளவு மிஞ்சும் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

எங்கள் கழகத்துக்கு வருபவர்கள் யார் தெரியுமா? நேர்முகப் பரீட்சையில் திக்கிய பெடியன், வகுப்பில் தலை நிமிராமல் பாடம் எடுக்கும் முன்பள்ளி டீச்சர், வங்கியில் கவுன்டருக்குப் பின்னால் முணுமுணுக்கும் பெண், நான். இவர்கள் பேசாததால் உலகத்துக்கு ஒரு கெடுதலும் வந்ததில்லை. தன்னம்பிக்கை தலைக்கேறிய ஆட்கள் ஒருவரும் அந்த மாடிப்படி ஏறுவதில்லை. தமிழனுக்கு இனித் தன்னம்பிக்கையைக் குறைக்கும் கழகம்தான் தேவை. ஊருக்கொன்று, சந்தா இலவசம், தேநீர் நானே தருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை என் முறை வந்தபோது அறிவிப்பாளர் காதருகே வந்து, “சேர், இரண்டே வார்த்தை” என்றார். பிரதம அதிதி போய் வெகுநேரம். மேடையில் தலைவர் மட்டும், அவரும் தொலைபேசியில். முழங்கால் நடுங்கவில்லை, கோபத்தில் நடுக்கம் எங்கே வரும்? “அனைவருக்கும் நன்றி” என்றேன். இரண்டே வார்த்தை. உட்கார்ந்துவிட்டேன். அடுத்த நாள் வீதியில் ஓய்வுபெற்ற பிரதி அதிபர் என்னைக் கண்டும் காணாமல் போனார். அவர் பெயரைச் சொல்லி நன்றி சொல்லவில்லையாம். ‘அவருக்கு ரொம்பத்தான் தலைக்கனம், நுவரெலியாவுக்குப் போய்ப் பேசப் பழகினவராச்சே’ என்று ஊரிலும் ஒரு பேச்சு அடிபடுகிறது.

கார்த்திகை மாதத்தில் இன்னொரு விழா வருகிறது. ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு விண்ணப்பம்: நன்றியுரையை மங்கள விளக்குக்கு அடுத்தபடியாகப் போடுங்கள். எல்லாருக்கும் முன்கூட்டியே நன்றி சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளுக்குப் பரிசைக் கொடுத்து அனுப்பிவிட்டு, விருப்பமுள்ளவர்கள் இருந்து ஒருவரையொருவர் விளித்துக்கொள்ளட்டும்.