பேரம் படியாத இடத்தில் பேரம்: அரசுப் பணியில் ஊதியமும் விடுப்பும் பேசும் முறை குறித்து, தாமிரபரணிக் கரையை முன்வைத்து ஓர் ஆய்வு

அரசு வேலைக்கு நியமன ஆணை வாங்கி வந்தவனிடம், சென்னையில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கும் சித்தப்பா மகன் கேட்கும் முதல் கேள்வி: "எவ்வளவு பேசி முடிச்ச?" இக்கேள்விக்கு இதுவரை ஒருவரும் பதில் சொன்னதில்லை. ஏன் சொல்ல முடியவில்லை என்பதே இவ்வாய்வின் பொருள். ஆய்வுக் களம் பாபநாசம் முதல் புன்னைக்காயல் வரை. சிறப்பாகக் கொக்கிரகுளம், கலெக்டர் ஆபீஸ் அங்கே இருப்பதால்.

முதலில் ஊதியம். இளநிலை உதவியாளருக்கு 2017 ஊதிய விதிகளின்படி நிலை 8. தொடக்கம் 19,500 ரூபாய். ஓராண்டு ஒழுங்காக வேலை பார்த்தால் 20,100. சுமாராகப் பார்த்தாலும் பெரும்பாலும் 20,100தான். எம்.ஃபில். முடித்துவிட்டுக் குரூப் 4 எழுதியவரும் பத்தாம் வகுப்போடு எழுதியவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் அதே ஊதியக் கட்டத்தில் உட்காருகிறார்கள். தேர்வாணையக் கலந்தாய்வில் தரவரிசைப்படி உள்ளே போகிறவர் மிச்சமிருக்கும் காலியிடங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். "திருநெல்வேலி தீந்துட்டா? தென்காசியாவது இருக்கா சார்?" என்று கேட்பதைப் பேரம் என்று ஏற்க இவ்வாய்வாளருக்கு மனம் வரவில்லை.

இந்நிலை புதிதன்று. முதலாம் இராசராசன் 1014-ஐ ஒட்டித் தஞ்சைப் பெரிய கோயிலில் வெட்டுவித்த கல்வெட்டு, 400 ஆடல் மகளிருக்கு ஆளுக்கொரு வீடும் ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் என்கிறது. ஒருவர் இறந்தால் தகுதியுள்ள நெருங்கிய உறவினர் அந்த இடத்துக்கு வரலாம். ஆக, கருணை அடிப்படை நியமனம் வரைக்கும் யோசித்திருக்கிறார்கள். "நான் நன்றாக ஆடுவேன், 110 கலமாகப் போடுங்கள்" என்று யாரும் கேட்பதற்கு மட்டும் அதில் இடமே இல்லை.

உள்ளூர்ச் சான்று வேண்டுவோர் சுலோசன முதலியாரைப் பார்க்கலாம். கலெக்டர் ஆபீஸில் சிரஸ்தாராக இருந்தவர். நெல்லையையும் பாளையங்கோட்டையையும் இணைக்கும் ஆற்றுப் பாலத்தைத் தம் சொந்தப் பணத்தில் கட்டிக்கொடுத்தார், 1843-இல் திறந்தார்கள். அரசு ஊழியர் அரசிடம் கேட்காததோடு அரசுக்கே கொடுத்துவிட்ட நிகழ்ச்சி இது. துறைசார்ந்தவர்கள் இதை முன்னுதாரணமாகக் கொள்வதில்லை.

சம்பளமும் லீவும் சேர்த்துப் பேசி வென்ற வரலாறும் இந்தச் சீமைக்கு உண்டு. 1908-இல் தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தம், வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்றார்கள். ஒன்பது நாளில் கூலி உயர்ந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது. சில நாளில் வ.உ.சி.யை அரசு பிடித்து உள்ளே போட்டது. ஆனால் மில்லுக்கு முதலாளி என்று ஒருவர் இருந்தார். மேஜைக்கு அந்தப் பக்கம் பேச ஆள் இருந்தது. நியமன ஆணைக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை. ஊதியத்தை வகுத்த அரசாணையிலோ 'ஆளுநரின் ஆணைப்படி' என்றிருக்கும். ஆளுநரிடம் போய் ஐந்நூறு கூடப் போடச் சொல்வது எப்படி?

பேச முடியாமல் போன இந்தப் பேரம் அழிந்துவிடுவதில்லை. ஒரு பகுதி கல்யாணச் சந்தைக்குப் போகிறது. தரகரிடம் அடிப்படைச் சம்பளம் கேட்டால் மொத்தச் சம்பளத்தைச் சொல்வார். மொத்தம் கேட்டால் எட்டாவது ஊதியக்குழு வந்தபிறகு ஆகப்போகும் தொகையைச் சொல்வார். பையன் அரசிடம் பேசாததையெல்லாம் பையனின் அப்பா பெண்வீட்டாரிடம் பேசிவிடுகிறார். இது பற்றி மேலும் எழுதினால் ஆய்வு போலீஸ் ஸ்டேஷன் வரை போகும்.

பெரும்பகுதி லீவு விண்ணப்பத்தில் இறங்குகிறது. தற்செயல் விடுப்பு (சி.எல்.) ஆண்டுக்கு 12 நாள், வரையறுக்கப்பட்ட விடுப்பு 3. எண்ணிக்கையில் கை வைக்க முடியாது. அதனால் காரணத்தில் கை வைக்கிறார்கள். ஓர் அலுவலகத்தில் நிகழக்கூடியது:

"சார், வெள்ளிக்கிழமை ஒரு சி.எல். வேணும்."

"என்ன விஷயம்?"

"சுடலைமாடன் கொடை சார்."

"போன மாசமும் கொடைன்னுதான வே போன?"

"அது அம்மா வழி சார். இது அப்பா வழி."

சூப்பிரண்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றுகிறார். காலண்டரில் வெள்ளிக்குப் பின்னால் இருக்கும் சனி, ஞாயிறைப் பேனா முனையால் தொடுகிறார். "திங்கக்கிழமை கலெக்டர் மீட்டிங். பத்து மணிக்கு சீட்ல இருக்கணும்."

"ஒம்பதே முக்காலுக்கு இருப்பேன் சார்."

முடிந்தது. இரு தரப்பும் எதையோ விட்டு எதையோ பெற்றன. சித்தப்பா மகன் கேட்ட பேச்சுவார்த்தை இதுதான். குலதெய்வம் ஒருவருக்கு ஒன்று என்பது சமய நூலார் கொள்கை. விண்ணப்பக் கட்டைப் புரட்டினால் அப்பா வழி, அம்மா வழி, மாமனார் வழி எனக் குறைந்தது மூன்று தேறும். மாமனார் வழி சாஸ்தாவுக்குப் பங்குனி உத்திரம் மட்டும் செல்லாது. அன்று மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை, சி.எல். வீண்.

நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்துக்கும் உள்ளூர் விடுமுறை உண்டு. ஆனால் விடுமுறை அறிவிக்கும் அதே உத்தரவு, ஈடாக ஒரு சனிக்கிழமையை வேலைநாளாக்கும். அரசு தானாக முன்வந்து பேரம் பேசும் ஒரே இடம் இது என்பது இவ்வாய்வாளர் துணிபு. அந்தச் சனிக்கிழமைக்கென்று வந்து குவியும் சி.எல். விண்ணப்பங்கள், அவற்றில் தலைகாட்டும் நான்காவது குலதெய்வம் ஆகியவை தனி ஆய்வுக்கு உரியவை.