ராயபுரத்தில் ராணியை அழவைப்பது எப்படி?

ராணி வேஷம் டிராம்போனுக்கு. முதலில் பாட்டு. ஹாண்டலின் மெசையாவில் கைவைக்காதீர்கள். சர்ச் பாடகர் குழுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். பர்செல் 1680-களில் எழுதிய ‘டைடோ அண்ட் ஈனியஸ்’ ஓபராவின் கடைசியில் கார்த்தேஜ் ராணி பாடிவிட்டுச் சாகிறாளே, அது போதும். அடியில் ஐந்து பார் நீளத்துக்கு ஒரு பேஸ் வரி. ஸட்ஜத்திலிருந்து கீழ்ப் பஞ்சமம்வரை அரை அரைச் சுரமாக இறங்கும். 11 முறை சுற்றும்.

முதல் சுற்றில் பேஸ் மட்டும்தான். அதை டிராம்போனுக்கே கொடுங்கள். ஜி-யை நாலாவது நிலையிலும் எஃப் ஷார்ப்பை ஐந்திலும் பிடித்தவர், அதே வேகத்தில் ஆறு, ஏழு என்று கையை நீட்டப் பார்ப்பார். எங்கள் சந்தில் ஏழாவது நிலை என்றால் ஸ்லைடு எதிர்வீட்டுக் கதவைத் தட்டிவிடும். எஃப், ஈ இரண்டையும் ஒன்றிலும் இரண்டிலும் பிடிக்கச் சொல்லுங்கள். இழுப்பதற்கு வசதி இருக்கிறதே என்று வழுக்கவும் விடாதீர்கள். கமகம் கேட்டு வளர்ந்தவருக்கு இதுதான் கஷ்டம்.

அடுத்த சுற்றிலிருந்து பேஸ் கீபோர்டின் இடது கைக்கு. டிராம்போன் ராணியின் வரியை ஒரு ஸ்தாயி கீழே வாசித்து ராணியாகிவிடும். வயலின் இரண்டு கிடைக்கும். வயோலாக்காரருக்காகக் காத்திருந்தால் ராணி வயதாகியே செத்துப்போவாள். வயோலா வரியை பேண்டு செட் கிளாரினெட்டுக்கு எழுதுங்கள், பி ஃப்ளாட் வாத்தியம் என்பதால் ஒரு முழுச் சுரம் உயர்த்தி.

ஆபத்தான இடம் ஒன்று உண்டு. தன்னை மறக்க வேண்டாம் என்று ராணி ஒரே சுரத்தில் திரும்பத் திரும்பக் கெஞ்சுவாள். சொல் போய்விட்டால் அது திருவொற்றியூர் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து ஊதும் சங்கு. ஒவ்வொரு தடவையும் நாக்கின் தட்டலை மாற்றச் சொல்லுங்கள்.

வெள்ளைக்காரன் பாட்டு நமக்கெதற்கு என்று யாராவது கேட்டால் மணலிப் பக்கம் கைகாட்டுங்கள். மணலி முதலியார் ஆதரவில் இருந்த முத்துசுவாமி தீட்சிதர், கோட்டை பேண்டின் மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்தியம் கட்டினார், நோட்டுஸ்வரம் என்கிறோம். அவர் பேண்டைப் பாட்டாக்கினார். நாம் பாட்டை பேண்டாக்குகிறோம், கணக்கு நேர்.

ஒத்திகையை மட்டும் மொட்டைமாடியில் வைக்காதீர்கள். நாங்கள் வைத்தோம். மூன்றாவது சுற்றில் கீழ்வீட்டு ஆயா படியேறி வந்துவிட்டார்.

“யாருப்பா தவறிட்டாங்க?”

“டைடோன்னு ஒரு ராணி, ஆயா.”

“எந்தத் தெரு?”

“கார்த்தேஜ்.”

ஆயா கொஞ்சம் யோசித்தார். “எப்போ எடுக்கறாங்களாம்?”