பறக்கும் டாக்ஸி வருகிறதாம்

சென்னைக்குப் பறக்கும் டாக்ஸி வரப்போகிறதாம் என்று ஆட்டோக்காரரிடம் சொன்னேன். மத்திய கைலாஷ் சிக்னலில் நின்றிருந்தோம். பேச நேரம் தாராளமாக இருந்தது. "ஏற்கெனவே ஒண்ணு பறக்குதே சார்" என்று பறக்கும் ரயில் இருக்கும் பக்கம் கையைக் காட்டினார்.

நியாயம்தான். 1995இல் கடற்கரையிலிருந்து கிளம்பிய அந்த ரயில், வேளச்சேரியைத் தொட 2007 ஆனது. மொத்தம் இருபது கிலோமீட்டர்கூட இல்லை. நடந்தே போயிருந்தால் சாயங்காலத்துக்குள் சேர்ந்திருக்கலாம். அங்கிருந்து பரங்கிமலைக்கு மிச்சமிருந்த ஐந்து கிலோமீட்டர் வேலையோ பதினைந்து ஆண்டு தாண்டியும் இழுத்தது.

இத்தனைக்கும் 1895லேயே மின்சார டிராம் ஓட்டிய ஊர் இது. 1953இல் அதை மூட்டை கட்டினோம். அந்தத் தண்டவாளத்தைத் தேடித்தானோ என்னவோ, இப்போது மெட்ரோ என்று சொல்லி ஊரெல்லாம் தோண்டுகிறோம்.

"பறக்குற டாக்ஸிக்கு ஸ்டாண்டு எங்க சார்?"

"மொட்டை மாடியில."

"அப்ப லிஃப்டுக்கு க்யூ நிக்கணும்" என்றார்.

சிக்னல் பச்சைக்கு மாறியது. நாங்கள் அசையவில்லை.