சிஸ்டர் ஸ்கூல்

மரக்காணத்தில் சித்திரை வெயிலில் உப்போடு சேர்ந்து அட்மிஷன் பேச்சும் விளையும். “பொண்ணை சிஸ்டர் ஸ்கூல்ல போடு மச்சான், ஒழுக்கம் வரும்.” மகனுக்கு அது தானாக வந்துவிடும்போல. பள்ளி நடத்தும் குளூனி கன்னியர் 1827இல் கப்பலேறிப் புதுச்சேரி வந்தார்களாம். நம் பெண் ஈசிஆரில் முப்பத்தைந்து கிலோமீட்டர் பஸ்ஸில் போகமாட்டாளா?

பெற்றோரை நேர்காணல் செய்யாதே என்றது 2009 கல்வி உரிமைச் சட்டம். 2014இல் உச்ச நீதிமன்றம் கன்னியர் பள்ளி போன்ற சிறுபான்மைப் பள்ளிகளை அந்தச் சட்டத்திலிருந்து விலக்கிவிட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று, உப்புப் பாத்தி மிதித்து வெடித்த காலில் புது ஷூ மாட்டி, “குட் மார்னிங் சிஸ்டர்” ஒத்திகை பார்க்கிறார் அப்பா.

இங்கிலீஷ், ரிசல்ட் என்றெல்லாம் சொல்வார்கள். மனசுக்குள் அளப்பது மதில் உயரத்தை. மகளைக் கேட்டீர்களா? “அதுக்கென்ன தெரியும்!” அவளோ பாஸ்கட்பால் கோர்ட் உள்ள பள்ளி எது என்று எப்போதோ விசாரித்துவிட்டாள்.