டூர் கமிட்டி அண்ணன்

இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரை எந்தத் தொழிற்சாலைக்குள் வேண்டுமானாலும் நுழைந்து பாருங்கள். கார் செய்கிற இடமாக இருக்கலாம், அந்தக் காரின் கதவுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் உட்காரும் ஒரு கிளிப்பை மட்டும் செய்கிற இடமாகவும் இருக்கலாம். டூர் கமிட்டி அண்ணன் ஒருவர் அங்கே இருந்தே தீருவார்.

பெரும்பாலும் குவாலிட்டியில் இருப்பார். புரொடக்‌ஷன்காரருக்கு டூரைப் பற்றி யோசிக்க நேரம் கிடையாது. மெயின்டனன்ஸ்காரரை மெஷின் விடாது. ஸ்டோர்ஸ்காரரிடம் வசூல் பணத்தைக் கொடுத்து வைக்க யாருக்கும் மனசு வராது. ஆகவே குவாலிட்டி. சொந்த ஊர் செய்யாறு அல்லது திண்டிவனம் பக்கம். டிப்ளமோ முடித்து டிரெய்னியாக வந்து, படப்பையில் இடம் வாங்கி வீடு கட்டி, கிரகப்பிரவேசத்துக்கு பிளான்ட் ஹெட்டையே வரவழைத்தவர். வாசற்படி மட்டம் சரியாக இருக்கிறதா என்று கம்பெனி கேஜால் அளந்து பார்த்தார் என்று ஒரு பேச்சு உண்டு. அவர் அதை மறுத்ததில்லை.

ஆயுத பூஜைப் பொரி தீர்வதற்குள் அண்ணன் கையில் பேடு வந்துவிடும். எங்கே போகலாம், தலைக்கு எவ்வளவு, சைவம் எத்தனை, பஸ்ஸில் வாந்தி எடுப்பவர்கள் யார் யார், எல்லாவற்றுக்கும் அதில் கட்டம் உண்டு. பழஞ்சூர் குயின்ஸ் லேண்ட் தீம் பார்க் என்று யாராவது ஆரம்பித்தால், “அது ஷிஃப்ட் பஸ் போற வழிப்பா. டூர்னு சொன்னா வீட்டுல சிரிப்பாங்க” என்பார். சிரித்தாலும் பல வருஷங்களில் போய்ச் சேர்வது அங்கேதான். பட்ஜெட் அவ்வளவுதான்.

தீம் பார்க்குக்குள் அண்ணன் எதிலும் ஏற மாட்டார். கேட்டால் முதுகுவலி என்பார். கீழே நிழலில், எல்லோருடைய செல்போனும் மூக்குக் கண்ணாடியும் ஈரச் செருப்பும் சூழ வீற்றிருந்து, ராட்டினத்துக்கு நேரம் எடுப்பார். “ஏத்தி இறக்க நாலு நிமிஷம், சுத்துறது ரெண்டு நிமிஷம். சைக்கிள் டைம்ல மூணுல ரெண்டு பங்கு வேஸ்ட்டு. பெல்ட்டு மாட்டுற இடத்துல இன்னொரு ஆளைப் போட்டா லைன் பேலன்ஸ் ஆயிடும்.” தலைகீழாகத் தொங்கிவிட்டு வெளிறிய முகத்தோடு இறங்கும் டிரெய்னிப் பையனிடம்தான் இதைச் சொல்வார். அவன் வாயைத் திறக்க பயந்து தலையை மட்டும் ஆட்டுவான். அண்ணன் அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொள்வார்.

அவருக்கு ஒரு பூர்வாசிரமம் உண்டு. கம்பெனி ஒருமுறை அவரைப் பயிற்சிக்காக ஜப்பானுக்கு அனுப்பியது. அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒசாகாவில் இருக்கும் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் ஜப்பானுக்குக் கூட்டிப் போனார்கள். மற்றவர்கள் ஜப்பானிலிருந்து கைசன் என்னும் சிறுசிறு மேம்பாட்டு முறையைக் கொண்டுவந்தார்கள். அண்ணன் ஒரு சித்தாந்தத்தைக் கொண்டுவந்தார். டீ பிரேக்கில் யார் சினிமாவைப் பற்றிப் பேச்செடுத்தாலும் அது வெளியே வரும்.

“தம்பி, அது ராட்டினம் இல்ல. ட்ரெய்லர். உக்கார வச்சு பெல்ட்டு போட்டுக் காட்டுற ட்ரெய்லர். தியேட்டர்ல ட்ரெய்லர் ஓடினா எழுந்து பாப்கார்ன் வாங்கப் போவ. அங்க போக முடியாது.”

1975-இல் வந்த ஜாஸ் படத்தின் சுறா, 2001-இல் திறந்த ஒசாகா பூங்காவில் படகுக்குப் படகு தவறாமல் வாயைப் பிளப்பதை அண்ணன் நேரில் கண்டிருக்கிறார். எல்லோரும் அலறியபோது இவர், ஒரு பாய்ச்சலுக்கும் அடுத்ததற்கும் இடையில் எவ்வளவு நேரம் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். ஆனால் அவர் மனதைப் பறித்தது சுறா அல்ல, க்யூ. இன்னும் எத்தனை நிமிஷம் நிற்க வேண்டும் என்று போர்டு வைத்திருந்தார்களே, அது. நிற்கிறவர்களுக்குப் படத்தின் கதையை வழிநெடுகக் காட்டிக்கொண்டே போனார்களே, அது. “நிக்கிற நேரம் வேஸ்ட்டுதானே? அதை வச்சே வேல்யூ ஆட் பண்ணிட்டான்” என்று சொல்லும்போது அண்ணன் குரல் தழுதழுக்கும்.

அப்புறம் ஐந்து ஏன். ரிஜெக்‌ஷன் வந்தால் மூல காரணம் தேடக் கேட்பார்களே, அதே ஐந்து.

“ரைடு முடிஞ்சா நேரா கடைக்குள்ள இறக்கி விடுறான். ஏன்? பொம்மை விக்க. ஏன் பொம்மை? வீட்டுக்குப் போனாலும் புள்ளைங்களுக்குப் படம் ஞாபகம் இருக்கணும். ஏன் ஞாபகம்? பார்ட் டூ வருது. ஏன் பார்ட் டூ? அதை வச்சு புது ரைடு கட்டணும். ஏன் புது ரைடு? கடையில பழைய பொம்மை ஓடல.”

இத்தனையும் கண்டுபிடித்த அண்ணன், அதே பூங்காவில் 2014-இல் திறந்த ஹாரி பாட்டர் பகுதியின் கடையில் மகளுக்கு ஒரு மந்திரக்கோல் வாங்கிவிட்டார். விலையை யென்னிலிருந்து ரூபாய்க்கு மாற்றிச் சொன்னதே இல்லை. வருஷா வருஷம் ஆயுத பூஜையன்று படப்பை வீட்டில் வெர்னியர் காலிப்பருக்குப் பக்கத்தில் அதுவும் சந்தனப் பொட்டோடு உட்கார்ந்திருக்கும்.

கிண்டலை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், அண்ணன் சொல்வது தப்பில்லை. இந்த சினிமாப் பூங்காத் தொழில் பிறந்ததே அப்படித்தான். 1915-இல் கார்ல் லெம்லி கலிஃபோர்னியாவில் யுனிவர்சல் சிட்டியைத் திறந்தபோதே, 25 சென்ட் வாங்கிக்கொண்டு படப்பிடிப்பை வேடிக்கை பார்க்க விட்டார். ஜனங்கள் பெஞ்சில் உட்கார்ந்து கதாநாயகனுக்குக் கைதட்டி, வில்லனைக் கண்டு ஊளையிட்டார்கள். மௌனப்படம், தொந்தரவில்லை. பேசும்படம் வந்து மைக் வைத்ததும் ஊளையை நிறுத்த வேண்டியதாயிற்று, டிக்கெட்டையும். 1964-இல் வண்டியில் வைத்துச் சுற்றிக் காட்டுவதாக மறுபடி ஆரம்பித்தார்கள். வால்ட் டிஸ்னி இன்னும் ஒரு படி மேலே போனவர். 1955-இல் டிஸ்னிலேண்ட் திறந்தபோது நடுவில் நின்றது ஸ்லீப்பிங் பியூட்டியின் கோட்டை. அந்தப் படம் வெளியானது 1959-இல். நாலு வருஷம் முன்னாலேயே கல்லில் கட்டிய போஸ்டர்! அதே டிஸ்னிலேண்டில் 1967-இல் வந்த கடற்கொள்ளையர் படகுச் சவாரியிலிருந்து 2003-இல் ஒரு படமே எடுத்தார்கள். விளம்பரம் முதலில், சரக்கு 36 வருஷம் கழித்து.

இதை அண்ணனிடம் சொன்னபோது அசரவில்லை. “நாமளும் மாடல் வர்றதுக்கு முன்னாலயே டூலிங் போடுறோமே” என்றார்.

இந்திய நிலவரத்தைக் கேட்டால் ஆடிட்டர் தோரணை வந்துவிடும். 2013-இல் கோப்போலியில் திறந்த இமேஜிக்காவில் மிஸ்டர் இந்தியா ரைடு இருக்கிறது. படம் வந்தது 1987-இல். “டெலிவரி இருபத்தாறு வருஷம் டிலே” என்று முடித்துவிடுவார். 2016-இல் துபாயில் ஷோலே, லகான், தபங் என்று இந்திப் படங்களை வைத்து ஒரு முழுப் பூங்காவையே கட்டி, 2023-இல் மூடியும் விட்டார்கள். அதற்கு அவர் எழுதும் ரிமார்க் இரண்டே சொல்: “கஸ்டமர் கேக்கல.” ராமோஜி ஃபிலிம் சிட்டிக்கு மட்டும் ஓகே டேக். பாகுபலிக்குப் போட்ட செட்டை உடைத்து எறியாமல் அதையே சுற்றுலாக்காரர்களுக்குக் காட்டுகிறார்கள். “அது ஸ்கிராப் ரெக்கவரி. நம்ம கம்பெனில யாராவது யோசிச்சிருக்கோமா?” என்று ஸ்டோர்ஸ்காரரைப் பார்ப்பார்.

உள்ளூரைப் பற்றித்தான் அவருக்குக் குறை. 1984-இல் இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமான மை டியர் குட்டிச்சாத்தானை எடுத்த நவோதயா அப்பச்சன்தான் தாம்பரம் பக்கத்தில் 1995-இல் கிஷ்கிந்தாவைத் திறந்தார். சுழலும் அறைக்குள் பிள்ளைகளைச் சுவரிலும் கூரையிலும் நடக்க வைத்துப் படம் பிடித்த கம்பெனி அது. “சொந்தப் படம் இருக்க, பேரை ராமாயணத்துலேர்ந்து எடுத்துட்டாரு. ராயல்டி கேக்க வால்மீகி வரமாட்டாருன்னு தைரியம்” என்பார் அண்ணன்.

கம்பெனி பஸ் செம்பரம்பாக்கத்தைக் கடக்கும்போது தூங்குகிறவர்களை எழுப்பிவிடுவார். ஈவிபி வந்துவிட்டது. ஒரு காலத்தில் அது தீம் பார்க். 2012-இல் நடந்த ஒரு விபத்துக்குப் பிறகு ராட்டினங்கள் நின்று, இடம் ஃபிலிம் சிட்டியாகி, 2017-இலிருந்து பிக் பாஸ் வீடும் அங்கேயே குடிவந்தது. “உலகம் பூரா ஸ்டுடியோக்காரன் பார்க் கட்டுவான். நம்மூர்ல பார்க்கே ஸ்டுடியோ ஆயிடுச்சு. ரிவர்ஸ் இன்ஜினியரிங்!” ஒவ்வொரு டூரிலும் இதே இடத்தில் இதே ஜோக். புதிதாகச் சேர்ந்த ஒடிசாப் பையன்களுக்கு மொழி புரியாது என்றாலும், மற்றவர்கள் சிரிக்கிறார்களே என்று அவர்களும் சிரித்து வைப்பார்கள்.

என்னைக் கேட்டால், யுனிவர்சல்காரர் இங்கே வந்து நம்மிடம் பாடம் படித்திருக்க வேண்டும். விளம்பரத்தைப் பார்க்க டிக்கெட் போட்டார்கள், சரி. கட்டுகிற செலவு அவர்கள் தலையில்தானே விழுந்தது? இங்கே கட்-அவுட் வைக்கிறவன் ரசிகன், அதன் மேல் ஊற்றப் பால் வாங்குகிறவன் ரசிகன், பிளாக்கில் டிக்கெட் எடுக்கிறவனும் அவனே. பாகுபலி வந்த வருஷம் பிள்ளையாரே படத்தின் நாயகனைப் போலத் தோளில் சிவலிங்கத்தைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக ஊர்வலம் போனார்; அது தெருப் பையன்கள் உண்டியல் குலுக்கிச் சேர்த்த காசு. 2016-இல் கபாலிக்காக ஏர் ஏசியா விமானத்தில் ரஜினி முகத்தை வரைந்து பறக்க விட்டார்கள். எரிபொருள் செலவு ஏர் ஏசியாவுக்கு. அண்ணனிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு பேட்டில் எதையோ குறித்துக்கொண்டு, “சப்ளையர் டெவலப்மென்ட்டு” என்று முணுமுணுத்தார்.

சென்ற முறை கமிட்டியில் பெரிய போராட்டம். தீம் பார்க் வேண்டாம் என்று அசெம்பிளி லைன் பெண்கள் ஒரே குரலாகச் சொல்லிவிட்டார்கள். ஹாஸ்டல், பஸ், லைன், மறுபடி ஹாஸ்டல் என்று நாளெல்லாம் க்யூவில் நிற்கிறவர்கள், லீவு நாளிலும் காசு கொடுத்து க்யூவில் நிற்பதா என்பது அவர்கள் வாதம். கொடைக்கானல் என்றார்கள். ஆச்சரியம், அண்ணன் உடனே ஒப்புக்கொண்டார்.

“அதான் சரி. மலை மலைதான், மேகம் மேகம்தான். எவனும் நமக்குப் படத்தை விக்க முடியாது.”

“குணா குகைக்குப் போவோம்ல அண்ணே?” என்றாள் பின்வரிசையிலிருந்து ஒரு பெண்.

டெவில்ஸ் கிச்சன் என்று வெள்ளைக்காரன் பெயர் வைத்த பள்ளம் அது. 1991-இல் கமல்ஹாசனின் குணா படம் வந்த பிறகு அந்தப் பெயர் உதிர்ந்து, படத்தின் பெயரே நின்றுவிட்டது. 2024-இல் மஞ்சும்மல் பாய்ஸ் படம் வந்து, மறந்திருந்தவர்களையும் மலையேற்றியது.

அண்ணன் பேனாவை மூடினார்.

“குகைக்குள்ள விடுவானா?”

“விட மாட்டாங்கண்ணே. கம்பி போட்டிருக்காங்க. வெளிய நின்னு பாக்கலாம்.”

“அதுக்கு டிக்கெட்டு?”

“உண்டுண்ணே.”

“வெளிய வர்ற வழியில கடை?”

“நிறைய இருக்குண்ணே. சாக்லேட்டு, தைலம், தொப்பி, சுட்ட சோளம்.”

அண்ணன் பேடைத் திறந்து, கொடைக்கானல் என்ற கட்டத்துக்கு எதிரே பச்சை மையில் ஓகே போட்டார். கையெழுத்திடும் முன் தலையைத் தூக்கி, “ஒரு பேட்ச்சுக்கு எத்தன பேரை விடுறான்?” என்று கேட்டார்.